நேஷனல் ஃபாரஸ்டில் முதல் இரண்டு இரவுகள்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

மே மாதம் வந்தால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "டென்ட் வாங்கியாச்சு, எங்கே போகலாம்?" வரிசை அங்கேயே தலைகீழாகிவிடுகிறது. எந்தக் காடு, எவ்வளவு உயரம், அந்த வாரம் அங்கே தீ மூட்ட அனுமதி உண்டா என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் எந்த டென்ட் என்று யோசிக்க வேண்டும்.

புதியவர்கள் பலரோடு போய்ப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான். சிக்கல் கரடியால் வருவது அபூர்வம். போன் சிக்னல் போவதற்கு முன் முடித்திருக்க வேண்டிய வேலைகள் சில, வெளிச்சம் போவதற்கு முன் முடித்திருக்க வேண்டியவை சில. இவற்றைத் தள்ளிப்போடுவதால்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறோம். கீழே உள்ள படிகளை அந்த இரண்டு கெடுவை மனதில் வைத்தே அடுக்கியிருக்கிறேன்.

எனக்குப் பழகிய இடம் கலிபோர்னியாவின் ஸ்டானிஸ்லாஸ் நேஷனல் ஃபாரஸ்ட். சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவிலிருந்து 108ஆம் நெடுஞ்சாலையில் சொனோரா ஊரைத் தாண்டி மேலே ஏறினால் வரும். எடுத்துக்காட்டுகள் அங்கிருந்துதான். வேறு மாநிலத்தில் விதிகள் மாறும், ஆனால் இந்த வரிசை அங்கும் ஒத்துவரும்.

1. எந்த மாதிரி முகாம் என்று முடிவு செய்யுங்கள்

நேஷனல் பார்க்கும் நேஷனல் ஃபாரஸ்டும் ஒன்றல்ல. யோசெமிட்டி நேஷனல் பார்க், அது அமெரிக்க உள்துறையின் கீழ் வருகிறது. பக்கத்திலேயே இருக்கும் ஸ்டானிஸ்லாஸ் நேஷனல் ஃபாரஸ்ட், அது விவசாயத் துறையின் கீழுள்ள ஃபாரஸ்ட் சர்வீசின் பொறுப்பு. நமக்கு இதில் நடைமுறை வித்தியாசம் ஒன்று உண்டு: ஃபாரஸ்டில் பெரும்பாலும் நுழைவுக் கட்டணமும் வாசலும் கிடையாது, பல பகுதிகளில் முகாம் மைதானத்துக்கு வெளியேயும் தங்கலாம்.

அதனால் இரண்டு வழிகள். ஒன்று, கேம்ப்கிரவுண்ட். எண் போட்ட இடம், மேசை, தீ வளையம், கழிப்பறை இருக்கும், சில இடங்களில் குடிநீர்க் குழாயும் இருக்கும். இரவுக்கு இவ்வளவு என்று கட்டணம். இரண்டாவது, டிஸ்பர்ஸ்டு கேம்பிங், அதாவது காட்டுச் சாலையோரம் நாமே இடம் பார்த்துத் தங்குவது. கட்டணம் இல்லை, வசதியும் எதுவும் இல்லை. பொதுவாக 14 நாள் வரம்பு இருக்கும்.

முதல் முறை கேம்ப்கிரவுண்டுக்கே போங்கள். தண்ணீர், கழிப்பறை, சாப்பாட்டைப் பூட்டிவைக்க இடம் ஆகிய மூன்றையும் அது பெரும்பாலும் தீர்த்துவைத்துவிடும். இருட்டில் டென்டோடு மல்லாடுவதை மட்டும் நீங்கள் கற்றுக்கொண்டால் போதும். இலவசம் என்பதற்காகவே முதல் முறையே டிஸ்பர்ஸ்டு போனவர்கள் பலர் நள்ளிரவில் காரில் தூங்கிவிட்டு விடிந்ததும் வீடு திரும்பியிருக்கிறார்கள்.

முன்பதிவு ரெக்ரியேஷன்.கவ் தளத்தில். பல மைதானங்களுக்கு ஆறு மாதம் முன்பே திறந்துவிடும், கோடை வாரக் கடைசிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். பதிவு செய்யும்போது ஓர் இடத்துக்கு எத்தனை பேர், எத்தனை கார் என்ற வரியைப் படியுங்கள். நம் ஆட்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். ஐந்து குடும்பம் சேர்ந்து கிளம்பி, எட்டுப் பேருக்கான ஒரே இடத்தில் பதினெட்டுப் பேர் இறங்குவார்கள். பெரிய கூட்டம் என்றால் குரூப் சைட் என்றே தனியாக இருக்கிறது, அதை எடுங்கள்.

2. தேதியை உயரத்தோடு சேர்த்துப் பாருங்கள்

மலையில் ஒவ்வொரு 1,000 அடிக்கும் வெப்பம் ஏறத்தாழ 3 முதல் 5 டிகிரி பாரன்ஹீட் குறையும். சொனோராவில் டி-ஷர்ட்டோடு நிற்கும் அதே மாலையில் 9,624 அடி உயரத்துச் சொனோரா கணவாய்க்கு அருகே பல் கிட்டிக்கும். ஜூலையிலும்கூட மேலே இரவில் 40 டிகிரிக்குக் கீழே போகலாம்.

உயரத்தோடு வேறு இரண்டும் சேர்ந்து வரும். பனி உருகி முடிந்த கையோடு, ஜூன், ஜூலையில், கொசு அள்ளும். அப்புறம், கடல்மட்டத்திலிருந்து கிளம்பி ஒரே மாலையில் 8,000 அடிக்கு மேல் போய்ப் படுத்தால் தலைவலியும் குமட்டலும் வரலாம். முதல் இரவை 5,000, 6,000 அடியில் கழியுங்கள். பைன்கிரெஸ்ட் ஏரிப் பக்கம் அந்த உயரம்தான். உயரத்துக்குப் போய்த் தலைவலி கூடிக்கொண்டே போனால் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள், கீழே இறங்குங்கள்.

3. தீ விதியைக் கிளம்பும் வாரத்தில் மீண்டும் பாருங்கள்

கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே தங்கப்போகிறீர்கள் என்றால், கலிபோர்னியாவில் நேஷனல் ஃபாரஸ்டில் விறகு, கரி, கேஸ் அடுப்பு எதைப் பற்றவைக்கவும் கேம்ப்ஃபயர் பெர்மிட் வேண்டும். இலவசம். இணையத்தில் சின்னக் காணொளி பார்த்து, சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் கிடைத்துவிடும். அந்த வருடக் கடைசி வரை செல்லும். "விறகு எரிக்கப்போவதில்லை, காபிக்கு அடுப்பு மட்டும்தானே" என்று விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமான தப்பு. அந்த அடுப்புக்கும் பெர்மிட் வேண்டும்.

பெர்மிட் கையில் இருப்பதால் மட்டும் தீ மூட்டிவிட முடியாது. கோடை முற்றும்போது ஃபாரஸ்ட் சர்வீஸ் தீத் தடை போடும். ஒரு கட்டத்தில் குறிப்பிட்ட கேம்ப்கிரவுண்டுகளில் மட்டும் விறகுத் தீ. இன்னும் காய்ந்தால் அங்கும் இல்லை, திருகி அணைக்கக்கூடிய கேஸ் அடுப்பு மட்டும். இது வாரத்துக்கு வாரம் மாறும். முன்பதிவு செய்த மாதம் பார்த்த விதியை நம்பாமல், கிளம்பும் முதல் நாள் அந்த ஃபாரஸ்டின் அறிவிப்புப் பக்கத்தை மறுபடி பாருங்கள்.

கெடுபிடி அதிகம் என்று தோன்றினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். 2013இல் இதே ஸ்டானிஸ்லாஸில் கிளம்பிய ரிம் தீ, சுமார் 2,57,000 ஏக்கரை எரித்தது. தடையை மீறி மூட்டிய ஒரு முகாம் தீ கைமீறிப் போனதுதான் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள்.

விறகை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டாம். விறகுக்குள் இருக்கும் வண்டும் முட்டையும் உங்களோடு பயணம் செய்து புதுக் காட்டில் இறங்கிவிடும். எரிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வாங்குங்கள்.

4. வரைபடம் இறக்குங்கள், ரேஞ்சர் அலுவலகத்துக்குப் பேசுங்கள்

கூகுள் மேப் காட்டும் காட்டுச் சாலைகளில் பாதி கேட் போட்டுப் பூட்டியிருக்கும், மீதியில் உங்கள் கேம்ரி காருக்கு அடி தட்டும். எந்தச் சாலையில் எந்த வண்டி, எந்த மாதங்களில் போகலாம் என்பதற்கு ஃபாரஸ்ட் சர்வீஸே மோட்டார் வெஹிகிள் யூஸ் மேப் என்று ஒன்று வெளியிடுகிறது. கருப்பு வெள்ளையில் பார்க்க அழுமூஞ்சியாக இருக்கும், ஆனால் இதுதான் சட்டப்படி செல்லும். அவென்சா செயலியில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சிக்னல் இல்லாதபோதும் ஜிபிஎஸ் வேலை செய்யும் என்பதால், நீங்கள் நிற்கும் இடத்தை அதில் நீலப் புள்ளியாகப் பார்க்கலாம்.

பிறகு அந்தப் பகுதியின் ரேஞ்சர் (வன அலுவலர்) அலுவலகத்துக்கு ஒரு போன். கூச்சப்பட வேண்டாம், இதற்காகத்தான் அங்கே ஆள் இருக்கிறார். மூன்று கேள்வி போதும்: இந்தச் சாலை திறந்திருக்கிறதா, சாதாரணக் கார் போகுமா, கரடி விஷயத்தில் சாப்பாட்டை எப்படி வைக்கச் சொல்கிறீர்கள். இரண்டு நிமிடப் பேச்சில் இணையத்தில் இரண்டு மணி நேரம் தேடியும் கிடைக்காதது கிடைக்கும்.

5. இப்போது சாமான்

டென்டைவிடத் தரையில் விரிக்கும் பேட் முக்கியம். இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை, ஒரு இரவு நடுங்கிய பிறகுதான் நம்புகிறார்கள். ஸ்லீப்பிங் பேகின் அடிப்பக்கம் உடல் எடையில் நசுங்கிவிடுவதால் அங்கே கதகதப்பு நிற்காது. குளிர் தரையிலிருந்து ஏறும். ஆர்-வேல்யூ (குளிரைத் தடுக்கும் திறனின் அளவு) 3க்கு மேல் உள்ள பேட் வாங்குங்கள். காற்றடிக்கும் வீட்டு மெத்தை மலைக்கு ஆகாது, உள்ளே இருக்கும் காற்றே குளிர்ந்துபோகும்.

ஸ்லீப்பிங் பேகில் போட்டிருக்கும் டிகிரி பெரும்பாலும் தாங்கும் எல்லையைத்தான் சொல்லும், சுகமாகத் தூங்கும் அளவை அல்ல. எதிர்பார்ப்பதைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதல் குளிரையும் தாங்குவதை எடுங்கள்.

உடையில் பருத்தியைக் குறைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி அருமை. மலையில் வியர்வையிலோ மழையிலோ நனைந்தால் காயாது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும். நனைந்த ஜீன்ஸோடு இரவில் உட்கார்ந்திருப்பவரின் உடல்வெப்பம், உறைபனி இல்லாத நாளிலும் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். உடல் நடுங்கி, பேச்சு குழற ஆரம்பித்தால் உடனே ஈரத் துணியை மாற்றி, போர்த்தி, சூடாக இனிப்பாகக் குடிக்கக் கொடுத்து, உதவி தேடுங்கள்.

மற்றவை: ஆளுக்கொரு ஹெட்லாம்ப் (போன் டார்ச் கணக்கில் வராது, இரண்டு கையும் வேண்டும்), முதலுதவிப் பெட்டி, விசில், மண்வெட்டி, மடக்கு வாளி. டென்ட், பேட் எல்லாம் முதல் முறைக்கு வாடகைக்கே எடுக்கலாம். எதுவானாலும் வீட்டு முற்றத்திலோ, அபார்ட்மென்ட் ஹாலிலோ ஒரு முறை கட்டிப் பாருங்கள். நான் வாங்கிய முதல் டென்டின் பையில் ஒரு கம்பி குறைவு என்பது எனக்குக் காட்டில் இரவு ஒன்பது மணிக்குத்தான் தெரிந்தது.

6. சாப்பாட்டை வாசனைக் கணக்கில் திட்டமிடுங்கள்

காட்டில் பிரியாணி போடும் ஆசையை அடுத்த முறைக்கு வையுங்கள். சமைக்க நேரம் ஆகும், கழுவத் தண்ணீர் ஆகும், மிச்சம் ஆகும், அந்த மிச்சத்துக்கு வாசனையும் இருக்கும். முதல் இரவுக்குப் புளியோதரையைவிடச் சிறந்த முகாம் சாப்பாட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. கெடாது, சூடு செய்ய வேண்டாம், ஒரு டப்பாவோடு முடிந்தது. மறுநாளுக்கு உப்புமா ரவையை வீட்டிலேயே தாளித்து எடுத்துப்போனால் கொதிநீர் மட்டும் போதும்.

தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு ஒரு காலன் என்று வையுங்கள், அது குடிக்கவும் சமைக்கவும்தான். குழாய் இல்லாத இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் கழுவுவதற்கும் சேர்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

7. கடைசி ஊரில் நிறுத்துங்கள்

இங்கே முதல் கெடு முடிகிறது. சொனோராவிலோ ட்வெயின் ஹார்ட்டிலோ நிறுத்தி டேங்கை நிரப்புங்கள். ஐஸ், விறகு வாங்குங்கள். பிறகு, ஊரில் இருக்கும் ஒருவருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: எந்தச் சாலை, எந்த முகாம், கார் எண், எத்தனை பேர், ஞாயிறு எத்தனை மணிக்குள் போன் வரும், வராவிட்டால் எத்தனை மணிக்கு யாரை அழைப்பது. "மலைக்குப் போறோம், வந்து பேசுறேன்" என்பது தகவலே அல்ல. தேடுபவர்களுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரிய வேண்டும்.

ஐபோன் 14இலும் அதற்குப் பிறகு வந்த மாடல்களிலும் செயற்கைக்கோள் வழி அவசர அழைப்பு இருக்கிறது. அதன் டெமோவை இங்கேயே ஒரு முறை பார்த்துவிடுங்கள், மேலே வானம் திறந்திருந்தால்தான் வேலை செய்யும். அடிக்கடி போகிறவர் என்றால் கார்மின் இன்ரீச் மாதிரிச் செயற்கைக்கோள் கருவி நல்ல முதலீடு.

8. நான்கு மணிக்குள் போய்ச் சேர்ந்து, முதலில் மேலே பாருங்கள்

வெள்ளிக்கிழமை வேலை முடித்து ஐந்து மணிக்குக் கிளம்புவதுதான் பெரும்பாலானோர் செய்யும் பெரிய தப்பு. டிராஃபிக், சாப்பாடு எல்லாம் சேர்ந்து பத்து மணிக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். இருட்டில் இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது, கிடைத்த இடத்தில் விழத்தான் முடியும். அரை நாள் விடுப்பு எடுங்கள்.

டென்ட் போடும் முன் அண்ணாந்து பாருங்கள். 2010களின் வறட்சியும் பட்டை வண்டும் சேர்ந்து கலிபோர்னியாவில் 10 கோடிக்கும் மேற்பட்ட மரங்களைக் கொன்றன. நின்றபடியே செத்த மரங்கள் நிறைய. காற்றில்லாத நாளிலும் அவை விழலாம். ஊசியிலை பழுத்த மரம், பட்டை உரிந்த மரம், மேலே தொங்கும் ஒடிந்த கிளை எதற்கும் கீழே டென்ட் வேண்டாம்.

அப்புறம் கீழே பாருங்கள். வறண்ட ஓடைப் படுகை படுக்கைபோல மட்டமாக இருக்கும், தூரத்து மழை ஒன்று போதும் அது ஓடையாகிவிட. டிஸ்பர்ஸ்டு என்றால், ஏற்கெனவே யாரோ தங்கித் தேய்ந்த மண் தரையில் போடுங்கள், புல்வெளியில் அல்ல. தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி, அதாவது எழுபது எண்பது தப்படி.

மழை வராது என்று தோன்றினாலும் மேல்விரிப்பைக் கட்டிவிடுங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு அதைத் தேடுவது பாவம்.

9. கரடிக்கு முன் நீங்கள் சாப்பாட்டைப் பூட்டுங்கள்

கலிபோர்னியாவில் இருப்பது கருங்கரடி மட்டும்தான், பழுப்பு நிறத்தில் இருந்தாலும் அதே இனம்தான். அதற்கு உங்கள் மீது அக்கறை இல்லை, உங்கள் கூலர் மீதுதான். மூக்கு அபாரம். முகாம் சாப்பாட்டை ருசித்துப் பழகிய கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைக் கொல்ல வேண்டியதாகிவிடும்.

இரும்புப் பெட்டி இருந்தால் எல்லாவற்றையும் அதில் வைத்துத் தாழிடுங்கள், பகலிலும்தான். இல்லாவிட்டால், கெட்டியான பேர் கேனிஸ்டரில் (கரடியால் திறக்க முடியாத டப்பா) போட்டு டென்டிலிருந்து 100 அடி தள்ளித் தரையில் வையுங்கள். சில ரேஞ்சர் அலுவலகங்களிலேயே வாடகைக்குத் தருவார்கள். காரில் வைக்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும், அதனால்தான் நான்காம் படியில் அந்தக் கேள்வி.

மக்கள் மறப்பது சாப்பாட்டை அல்ல, சாப்பாடு இல்லாத வாசனைகளை: பற்பசை, சன்ஸ்கிரீன், குழந்தையின் வெட் வைப்ஸ், தேங்காய் எண்ணெய், காலி சிப்ஸ் பாக்கெட், ஊறுகாய் துடைத்த டிஷ்யூ. எல்லாம் பெட்டிக்குள். டென்டுக்குள் ஒரு மிட்டாய்கூட வேண்டாம்.

கரடி வந்தே விட்டால் ஓடாதீர்கள், மரமேறாதீர்கள், நம்மைவிட அது இரண்டிலும் கெட்டி. எல்லோரும் சேர்ந்து நின்று, குழந்தைகளை நடுவில் இழுத்து, கையை உயர்த்திச் சத்தம் போடுங்கள். அது போக வழி விடுங்கள். அபூர்வமாக மேலே பாய்ந்தால் கருங்கரடியிடம் திருப்பி அடிப்பதுதான் வழி. மொன்டானா, வயோமிங் பக்கம் கிரிஸ்லி உண்டு, அங்கே விதி வேறு, பேர் ஸ்பிரே (கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான்) இல்லாமல் நடக்கவே கூடாது.

10. தண்ணீரும் கழிப்பும்

ஓடைநீர் கண்ணாடிபோல இருந்தாலும் அப்படியே குடிக்க வேண்டாம். ஜியார்டியா என்ற கிருமி கண்ணுக்குத் தெரியாது, வயிறு கெடுவது ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்துக்கூட ஆரம்பிக்கும். வடிகட்டுங்கள், அல்லது ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். 6,500 அடிக்கு மேல் மூன்று நிமிடம், ஏனென்றால் அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்.

கழிப்பறை இல்லாத இடத்தில், நீர்நிலை, பாதை, முகாம் மூன்றிலிருந்தும் 200 அடி தள்ளி, 6 முதல் 8 அங்குல ஆழத்தில் குழி தோண்டி, பிறகு மூடுங்கள். காகிதத்தைப் புதைக்காதீர்கள், விலங்குகள் கிளறிப் போட்டுவிடும். ஜிப்லாக் பையில் போட்டு வெளியே கொண்டுவாருங்கள். நம் பழக்கப்படி தண்ணீர் பாட்டில் என்றால் காகிதப் பிரச்சினையே இல்லை, இந்த ஒன்றில் நாம் ஒரு படி மேல்.

பாத்திரத்தை ஓடையில் கழுவக் கூடாது, மக்கும் சோப்பு என்று போட்டிருந்தாலும். தண்ணீரை எடுத்துவந்து தள்ளிக் கழுவி, சோற்றுப் பருக்கைகளை வடித்துக் குப்பையில் சேர்த்துவிட்டு, நீரைப் பரவலாகத் தெளியுங்கள்.

11. தீ மூட்டுவதும் அணைப்பதும்

ஏற்கெனவே இருக்கும் வளையத்தில் மட்டும் மூட்டுங்கள். சுற்றி 5 அடிக்குச் சருகு, ஊசியிலை இல்லாமல் கூட்டிவிட்டு, மண்வெட்டியும் நிறைந்த வாளியும் பக்கத்தில் வந்த பிறகுதான் தீக்குச்சி. சிறிய தீயே போதும். அதைவிட்டு யாரும் நகரக் கூடாது.

தூங்குவதற்கு அரை மணி முன்பே அணைக்க ஆரம்பியுங்கள். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கடைசியில் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் அணையவில்லை. மண்ணைப் போட்டு மூடுவது அணைப்பது ஆகாது, உள்ளே கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

எவ்வளவு குளிரானாலும் டென்டுக்குள் அடுப்போ கரியோ வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, இருமலும் வராது. குளிர்கிறது என்றால் வெந்நீரை பாட்டிலில் ஊற்றி மூடியை இறுக்கி, ஸ்லீப்பிங் பேகில் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை வரை தாங்கும்.

இரவு பத்து மணிக்கு மேல் பெரும்பாலான மைதானங்களில் அமைதி நேரம். புளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாலும் தப்பில்லை.

12. மறுநாள் நடை

காலையிலேயே கிளம்புங்கள். கோடையில் இந்தச் சியரா மலைத்தொடரில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திரளும். இடி காதில் விழுந்தால் மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். முகட்டிலிருந்தும் தனி மரத்தடியிலிருந்தும் இறங்கி காருக்குள் போங்கள். டென்ட் அடைக்கலம் ஆகாது.

ஆறுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. மே, ஜூனில் அது பனி உருகிய நீர். விழுந்த கணத்தில் மூச்சு அடைத்து, சில நிமிடங்களில் கை கால் சொன்னபடி கேட்காது, நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதே கதிதான். படமெடுக்க ஈரப்பாறையில் ஏறி வழுக்கி விழுவதுதான் வழக்கமான தொடக்கம். குழந்தைகளை ஆற்றோரம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள்.

பாறையில் கை வைக்குமுன், கட்டையைத் தாண்டுமுன் பாருங்கள், மறைந்திருக்கும் ராட்டில் பாம்புகள் (வாலைக் கிலுக்கும் விஷப்பாம்பு) தாழ்வான பகுதிகளில் உண்டு. கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். ஆளை அசையவிடாமல் 911க்கு வழி பாருங்கள். மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடிக்குள் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

வழி தவறியது போலத் தெரிந்தால் நின்றுவிடுங்கள். தேடிக்கொண்டே நடப்பவரைவிட ஓரிடத்தில் நின்று மூன்று மூன்றாக விசில் ஊதுபவரைக் கண்டுபிடிப்பது எளிது.

13. கிளம்பும் காலை

கடைசித் தீயை காபி போடும் முன்பே அணைத்துவிடுங்கள், கேஸ் அடுப்பு இருக்கிறதே. அப்போதுதான் டென்ட் மடிக்கும் நேரம் முழுக்கச் சாம்பல் ஆற அவகாசம் கிடைக்கும். காரில் ஏறும் முன் மறுபடி புறங்கையை வைத்துப் பாருங்கள்.

குப்பைத் தொட்டி நிரம்பியிருந்தால் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு வர வேண்டாம், காரில் போட்டு ஊருக்குக் கொண்டுவாருங்கள். ஆரஞ்சுத் தோல், வாழைப்பழத் தோலும் குப்பைதான். எல்லோரும் ஒரு வரிசையாக நின்று முகாமைக் குறுக்கே ஒரு முறை நடந்து தரையைப் பாருங்கள், டென்ட் முளை ஒன்றாவது கிடைக்கும்.

டென்ட் ஈரமாக இருந்தால் வீட்டுக்கு வந்த அன்றே பால்கனியில் விரித்துக் காயப்போடுங்கள், இரண்டு நாள் பையில் கிடந்தால் பூசணம் பிடித்துவிடும். அதற்கும் முன்னால், வழியில் சிக்னல் வந்ததும், நீங்கள் தகவல் கொடுத்துவிட்டுப் போன ஆளுக்கு ஒரு போன். அவர் ரேஞ்சரை அழைப்பதற்கு முன்.